விடு என்றால் எதை?

ஏழு பன்னிரண்டு ரயிலில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. கழுத்தில் மஞ்சள் இஞ்ச் டேப் தொங்கும். அதனால் டேப்பக்கா. தலைநகரத்தில் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் கட்டர் வேலை. நர்ஸ், காவலாளி, லிஃப்ட் இயக்குகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று நகரத்தில் சீருடையோடு நிற்கிறவர்களில் பாதிப் பேரின் துணி அவள் மேசையில் வெட்டுப்பட்டதுதான். நாற்பது மடிப்பு அடுக்கி மின்கத்தியை ஓட்டுவாள். இடது கை ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. பத்தொன்பது வயதில் அந்தக் கத்தி எடுத்துக்கொண்டது. "சாம்பிளுக்கு வெட்டிக் குடுத்தேன்" என்பாள். கேட்டவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று முழிப்பார்கள்.

இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். "உங்களுக்கு மார்பு நாப்பது சார். முப்பத்தெட்டு சட்டைய மாட்டிக்கிட்டு மூச்சை அடக்கி நிக்கிறீங்க. கொஞ்சம் விடுங்க, இங்க யாரும் பொண்ணு பாக்க வரலை." பெட்டியே சிரிக்கும். மூச்சு விடக்கூட இடமில்லாத பெட்டியில் அவளால் சிரிப்புக்கு இடம் பண்ண முடிந்தது.

அவள் வீடு கடலோரப் புறநகரில். வீடு என்பது ஒன்றரை அறை. உப்புக்காற்றில் சன்னல் கம்பி உதிர்ந்து கையோடு வரும். அங்கே இருப்பவர்கள் யாரும் கடலைப் பார்த்து ரசிக்க வந்தவர்கள் அல்ல. நகரத்துக்குள் வாடகை ஏறிக்கொண்டே போனது, குடியிருப்புகள் இடிபட்டன, ஒவ்வொரு குடும்பமாக வெளியே நகர்ந்து, இதற்கு மேல் நகர்ந்தால் தண்ணீர் என்ற இடத்தில் வந்து நின்றார்கள். நகரத்துக்கு அவர்களுடைய கை வேண்டும், உடம்பு வேண்டாம். காலையில் கையைக் கொண்டு வா, சாயங்காலம் உடம்பை எடுத்துக்கொண்டு போ.

நகராட்சி ஒரு துண்டுப் பிரசுரம் போட்டிருந்தது. பளபளப்பான தாள். 'தலைநகரம் உங்கள் வாசலில்: நான்கு வழிகள்.' பஸ், வேன், மோட்டார் படகு, ரயில். அவள் நான்கிலும் போய்ப் பார்த்தவள்.

பஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம். பாலத்தருகே ஓட்டுநர் பிரேக் போட்டபோது முன்னால் இருந்த இரும்புக் கம்பியில் வாய் மோதி முன்பல் பாதி போனது. வேனில் ஒன்பது பேர் உட்காரும் இடத்தில் பத்தொன்பது பேர். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு கை இடுப்புக்கு வந்தது. இடுப்பில் செருகியிருந்த குண்டூசியை எடுத்து அந்தப் புறங்கையில் தலை வரைக்கும் இறக்கினாள். அவன் அவள் முகத்தில் குத்தினான். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "தகராறு பண்றவங்க இறங்குங்க" என்று அவளைத்தான் பாலத்தின் நடுவில் இறக்கிவிட்டார். வீங்கிய கண்ணோடு நடந்தே வேலைக்குப் போனாள், அரைநாள் சம்பளம் போயிற்று. படகு மூன்று மாதம் ஓடியது. பிறகு படகுத்துறையை ஒரு ஓட்டலுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். பிரசுரத்தில் மட்டும் அது இன்னும் மிதக்கிறது.

மிச்சம் ரயில். ஐம்பது நிமிடம். எட்டுப் பெட்டி ஓடிய ரயிலை ஆறாகக் குறைத்திருந்தார்கள். ஆட்களைக் குறைக்கவில்லை. முழங்கையால் வழி செய்து, தோளால் இடித்து, முன்னால் நிற்பவரின் பிடரியில் மூக்கை வைத்து நின்றால்தான் கதவு வரைக்குமாவது இடம் கிடைக்கும். நல்ல மனிதர்கள்தான் எல்லோரும். வீட்டில் பூனைக்குப் பால் ஊற்றுகிறவர்கள். ஐம்பது நிமிடத்துக்கு அவர்களை மிருகமாக்குவதற்கு இரண்டு பெட்டியைக் கழற்றினால் போதும் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கதவருகே ஒரு பழக்கம் உண்டு. உள்ளே நிற்பவன், படியில் தொங்குபவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். சொல்லி வைத்ததல்ல, தானாக வந்தது. டேப்பக்காவின் தம்பி தினமும் படியில்தான் வருவான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "மேல போவேன், கீழ போவேன், அது என் தொழில். பக்கவாட்டுல போறதுக்குத்தான் எனக்குப் பயிற்சி இல்லை" என்பான். அவன் மணிக்கட்டைப் பிடிப்பது எப்போதும் ஒரே ஆள், கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்யும் வெல்டர். உள்ளங்கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு. "உன் கை சொரசொரன்னு இருக்குடா, அரம் மாதிரி" என்பான் தம்பி. "அதான் வழுக்காது, சும்மா வா" என்பான் வெல்டர்.

மூன்றாவது நிலையத்துக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவில் தண்டவாளத்தை ஒட்டி ஓர் இரும்புக் கம்பம். இரண்டு வருடங்களுக்கு முன்பு நிலையத்தில் கார் நிறுத்துமிடம் கட்டியபோது, கார்களுக்கு இடம் போதவில்லை என்று விளக்குக் கம்பத்தைத் தண்டவாளத்தின் பக்கம் தள்ளி நட்டார்கள். விளக்கு மாட்டவே இல்லை. மின்கம்பியும் இழுக்கவில்லை. வெறும் இரும்பு. அது வந்த பிறகு படியில் தொங்கிய இரண்டு பேர் மண்டை உடைந்து செத்தார்கள். அதற்காகக் கம்பத்தை யாரும் நகர்த்தவில்லை. பயணிகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வளைவு வந்ததும் உள்ளேயிருந்து யாராவது "கம்பம்!" என்று கத்துவார்கள். தொங்குகிறவர்கள் முதுகுப் பையை முன்னால் இழுத்து, வயிற்றை எக்கி, பெட்டியோடு ஒட்டிக்கொள்வார்கள். கம்பம் காதை உரசிப் போகும்.

"வருஷத்துக்கு ஒரு உயிர் கேக்குதுப்பா அந்தக் கம்பம்" என்று பெட்டியில் சிலர் சொல்வார்கள். நிலைய அதிகாரியும் தலையாட்டுவார். ஏன் ஆட்டமாட்டார்? கம்பத்துக்குப் பசி இருக்கிறது என்று மக்கள் நம்பினால், அதை அங்கே நட்டவன் பெயரை யாரும் கேட்கப் போவதில்லை. இரும்புக்குப் பசி கிடையாது. அதற்கு நீளம், அகலம், தூரம் மட்டுமே உண்டு. இதைப் பெட்டியில் அளவெடுக்கத் தெரிந்த ஒரே ஆளான டேப்பக்காவும் அதுவரை அளந்து பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு இரண்டாவது நிலையத்தில் டை கட்டிய ஒருவன் முண்டியடித்து ஏறினான். அவன் முழங்கை வெல்டரின் மூக்கில் இறங்கியது. ரத்தம் கொட்டியது.

"கண்ணு இல்லையாடா உனக்கு?"

"யாரைப் பாத்து டாங்கிற?" என்று டை கட்டியவன் மறுபடி குத்தினான், இந்த முறை வேண்டுமென்றே.

வெல்டரின் வலது கை படியில் நின்ற தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இடது கையால் டைக்காரனின் சட்டைக் காலரை முறுக்கினான். டைக்காரன் முகம் கறுத்துப்போனது, கண் பிதுங்கியது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு கையால் அடித்தார்கள், யாரை என்று தெரியாமலேயே. நாலு தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்த டேப்பக்கா எம்பி எம்பிக் கத்தினாள்.

"விடுப்பா! செத்துடப்போறான்! விடு! விடுடா!"

வெல்டர் விட்டான். இரண்டு கையையும்.

சண்டையில் யாரும் "கம்பம்" என்று கத்தவில்லை. டேப்பக்கா பார்த்தாள். தம்பியின் வலது கை காற்றில் திறந்து கிடந்தது. இடது கை கதவுக் கம்பியைப் பிடித்துத்தான் இருந்தது. அவன் முகத்தில் பயம்கூட வரவில்லை, "என்னடா?" என்று கேட்கப்போகிற முகம். பிறகு ஒரு சத்தம். மரப்பலகை பிளக்கிற மாதிரி. கதவில் அவன் இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. நின்றவர்கள் சட்டையெல்லாம் ரத்தம்.

சிக்னலுக்காக ஊர்ந்து ஊர்ந்து நிலையம் சேர நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் பெட்டி வெல்டரை அடித்தது. சாப்பாட்டு டப்பாவால், குடைக் காம்பால், செருப்பால். "கைய விட்டுட்டான்! கொன்னுட்டான்!" என்று முதலில் கத்தியது டை கட்டியவன். வெல்டர் தடுக்கவில்லை. தன் வலது உள்ளங்கையையே பார்த்தபடி அடி வாங்கினான். அவன் மேல் விழுந்து மறைக்கப் போன டேப்பக்காவுக்கும் முதுகில் நாலு விழுந்தது. நிலையத்தில் போலீஸ் அவனைக் கால்களைப் பிடித்துப் பெட்டியிலிருந்து இழுத்தது.

தம்பி பிழைக்கவில்லை. நசுங்கிய சாப்பாட்டு டப்பா ஒன்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள்.

கொலை வழக்கு. காவல் நிலையத்தில் மூன்று நாள் கேள்வி கேட்டார்கள். அவர்கள் கேள்வி கேட்கும் முறை ஊருக்கே தெரியும். "எந்தக் கையால விட்ட? இதுவா?" என்று கேட்டு வலது கையின் மூன்று விரல்களை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்கள். பிறகு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, வாசலில் ஒரு காவலரை நிறுத்தினார்கள்.

டேப்பக்கா அங்கே போனாள். காவலர் மறித்தார். அவர் தோளைப் பார்த்தாள்.

"சட்டை தோள்ல இழுக்குதா சார்?"

"ஆமா... எப்படித் தெரியும்?"

"வெட்டினது நான். அளவெடுத்தவன் தப்பா எழுதிட்டான். கழட்டிக் குடுத்தீங்கன்னா சரி பண்ணித் தரேன். அஞ்சு நிமிஷம் உள்ள போயிட்டு வந்துடறேன்."

கட்டிலில் வெல்டர் முகமே தெரியாமல் வீங்கிக் கிடந்தான். அவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"ஏண்டா விட்ட?"

"விட்டுட்டேன்கா."

"நான் விடுன்னு கத்தினேன். கேட்டுச்சா இல்லையா?"

"ஒண்ணும் கேக்கலை."

"பொய் சொல்லாத."

சுவரைப் பார்த்தே சொன்னான். "பட்டறைல ரெண்டு பேர் தகட்டைப் பிடிச்சுப்போம்கா. ஒருத்தன் பத்தவைப்பான். பிடின்னா பிடிக்கணும், விடுன்னா விட்டுடணும். யோசிச்சா கை வெந்துடும். பதினேழு வருஷம். காது கேட்டதும் கை தானா திறந்துக்கும். நீங்க அந்தாளு காலரைத்தான் சொன்னீங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள..."

"இதை ஏன் போலீஸ்ல சொல்லலை?"

"சொன்னா உங்களையும் இழுப்பாங்க. அவன் அக்கா வாயாலதான் அவன் செத்தான்னு ஊர் பேசும். எனக்கு எப்படியும் விழுந்தாச்சு. ரெண்டு பேருக்கும் எதுக்கு? நீங்க ஒண்ணும் சொல்லலை. எனக்கு ஒண்ணும் கேக்கலை. போங்கக்கா."

இதுதான் அவள் முன்னால் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் வெல்டர் கொலைகாரன் என்று உள்ளே போவான், ஒருவேளை வெளியே வரமாட்டான். திறந்தால், தம்பியைக் கொன்ற சொல் தன்னுடையது என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். முதலில் வீட்டில் சொல்ல வேண்டும்.

தம்பி மனைவி நசுங்கிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். "அவனைத் தூக்குல போடுவாங்கல்ல அண்ணி?" என்று கேட்டாள்.

"விடுன்னு சொன்னது நான்தான்மா."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. நடந்ததை டேப்பக்கா முழுசாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது டப்பா பறந்து வந்தது. இரண்டாவது முறை கையில் எடுத்தே அடித்தாள், மூன்றாவது முறையும். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. டேப்பக்கா கையைத் தூக்கவில்லை. அடித்து ஓய்ந்தபின் தம்பி மனைவி, "எங்கிட்ட ஏன் சொன்னீங்க? தெரியாமலே இருந்திருப்பேனே!" என்று தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டேப்பக்கா புருவத்தில் ஐந்து தையலோடு ரயில் ஏறினாள். கதவருகே போய் நின்றாள். அந்த வளைவில் சிக்னலுக்காக ரயில் அடிக்கடி நிற்கும். நான்காவது நாள், கம்பத்துக்கு நேராகக் கதவு வரும்படி நின்றது. பின்னாலிருந்து இருவர் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, வெளியே குனிந்து டேப்பை நீட்டினாள். கதவு விளிம்பிலிருந்து கம்பம் வரை பதினோரு அங்குலம்.

தம்பிக்குச் சட்டை தைத்தவள் அவள். மார்பிலிருந்து முதுகு வரை அவன் உடம்பின் கனம் ஒன்பது அங்குலம். அன்றைக்குப் போல முதுகில் பை இருந்தால் பதினான்கு. பதினோரு அங்குலத்தில் பதினான்கு அங்குலத்தை நுழைக்கச் சொன்னால் எந்தக் கட்டரும் துணியைத் தூக்கி எறிவாள். கை பிடித்திருந்தாலும் போயிருப்பான், விட்டதாலும் போனான். அத்தனை நாள் அவனைக் காப்பாற்றியது ஒரு கூச்சல் மட்டும்தான். அதை அவள் டேப்பில் இருந்த கோடுகளில் படித்தாள். அழுகை வந்தது, எண் மங்கவில்லை.

ரயில்வே விசாரணை தலைமை அலுவலகத்தில் நடந்தது. குளிர்பதன அறை. எதிரே அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்யும் எழுத்தர்.

"சார், விடுன்னு கத்தினது நான்."

அதிகாரி நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அப்போ உங்க தம்பி கையை விடச் சொன்னீங்க?"

"இல்லை சார். அடிச்சுக்கிட்டு இருந்தவனை விடச் சொன்னேன். அவன் சட்டைக் காலரை."

எழுத்தர் தட்டினார். முடித்ததும் படித்துக் காட்டினார். 'மேற்படி பெண் கையை விடு என்று சத்தமிட்டதாகவும்...'

"கையைன்னு நான் சொல்லலியே!"

"விடுன்னு மொட்டையா எப்படிம்மா எழுதறது? எதை விடுன்னு வரணும்ல? விட்டது கையை. அப்போ சொன்னதும் கையைத்தானே."

"நான் சொல்லாததை நீங்க சேர்த்தா அது என் வாக்குமூலமா, உங்க வாக்குமூலமா? மொட்டையாத்தான் சொன்னேன். மொட்டையாவே எழுதுங்க. அதுதான் நடந்த தப்பு."

"சரி, அதெல்லாம் கோர்ட்டு பாத்துக்கும்" என்றார் அதிகாரி. "பயணிகளுக்குள்ள நடந்த தகராறு. நிர்வாகத்துக்கு இதுல பொறுப்பில்லை. கையெழுத்துப் போடுங்க."

"கம்பத்தைப் பத்தி எழுதலை."

"எந்தக் கம்பம்?"

"எழுந்து நில்லுங்க சார்."

அவள் குரலுக்கு அவர் நின்றுவிட்டார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. டேப்பின் ஒரு முனையை அவர் நெஞ்சில் வைத்து மறுமுனையைப் பக்கவாட்டில் முதுகுவரை இழுத்தாள். "பன்னெண்டரை. நீங்க பை இல்லாமலே செத்திருப்பீங்க. கம்பம் பதினோரு அங்குலத்துல நிக்குது. கார் நிறுத்தறதுக்கு நீங்கதான் தள்ளி நட்டீங்க. இதை எழுதச் சொல்லுங்க, கையெழுத்து போடறேன்."

"வெளிய போ" என்றார் அதிகாரி. அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது. காவலாளி வந்து அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளினான். படியில் விழுந்து முழங்கால் சிராய்த்தது. அவனுடைய சீருடையும் அவள் வெட்டியதுதான்.

கையெழுத்து இல்லாத வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு வழக்கு நொண்டியது. அவள் நேரே கோர்ட்டுக்குப் போய், சொன்ன சொல்லை மொட்டையாகவே சொன்னாள். வெல்டருக்கு ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தபோது வலது கையின் மூன்று விரல் மடங்கவில்லை. இனி அவனால் வெல்டிங் டார்ச் பிடிக்க முடியாது.

கம்பம் அங்கேயே நின்றது. அவள் எழுதிய மனுக்களுக்கு ஒரே ஒரு பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு பன்னிரண்டு ரயில் அந்த வளைவில் சிக்னலுக்கு நின்றபோது, ஆறு பெட்டியிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். பட்டறையிலிருந்து வெல்டரின் கூட்டாளிகள் இரண்டு பேர் கேஸ் கட்டரோடு முன்பே வந்து காத்திருந்தார்கள். டேப்பக்கா கம்பத்தின் உச்சியில் கயிறு கட்டச் சொல்லி, கார் நிறுத்துமிடத்தின் பக்கம் இழுத்துப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் இருபது பேர் கயிற்றில். ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். நீல நெருப்பு இரும்பைத் தின்றது. நிலையத்து நடைமேடையின் ஓரத்தில் தம்பி மனைவி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. யாரிடமும் பேசவில்லை. இன்றுவரை டேப்பக்காவிடம் பேசியதும் இல்லை.

வேலை செய்ய முடியாத கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெல்டர் கம்பத்தடியில் நின்று ஆணை கொடுத்தான். "பிடி... பிடி... கயித்தைப் பிடி." இரும்பு முனகியது, சாய்ந்தது. "இப்போ கயித்தை விடுங்கக்கா! கயித்தை!"

இருபத்தொரு பேரும் விட்டார்கள். கம்பம் காலியான ஒரு காரின் கூரையை இரண்டாக மடித்துக்கொண்டு விழுந்தது.

மூன்று சாவுக்கும் கம்பத்தடிக்கு வர முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட போலீஸ், ஒரு கம்பத்துக்குப் பதினான்கு நிமிடத்தில் வந்தது. தடி சுழன்றது. முதுகு, தலை, முழங்கால் என்று பார்க்காமல் அடித்தார்கள். ஓடியவர்கள் தண்டவாளத்தில் தடுக்கி விழுந்தார்கள். வெல்டரை ஆய்வாளர் முடியைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தபோது, டேப்பக்கா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். படியில் தொங்குகிறவனை உள்ளே நிற்பவன் பிடிப்பதுபோல. தடி அவள் முழங்கையில் விழுந்தது. மறுபடி விழுந்தது. எலும்பு நொறுங்கியது அவளுக்கே கேட்டது.

"விடு!" என்று கத்தினார் ஆய்வாளர். "விடுடி!"

"எதைன்னு சொல்லுங்க சார்" என்றாள். பிடி தளரவில்லை.